வெயில் யார் கண்ணில்

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு மூணுதடவை என்று பேர். லைட் பிடிக்கிறவர்கள் வைத்தது. எதையும் மூன்று முறை பார்க்காமல் அவள் இடத்தை விட்டு நகரமாட்டாள். கதாநாயகியின் காலுறை முழங்காலுக்கு எத்தனை விரல் கீழே நிற்கிறது, குவளையில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, துண்டு நாற்காலியின் எந்தக் கையில் கிடக்கிறது என்று பார்ப்பாள், எழுதுவாள், நாலு எட்டு போனதும் திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். கண்டினியூட்டி வேலையே அதுதான். காலையில் எடுத்ததற்கும் சாயங்காலம் எடுத்ததற்கும் நடுவில் ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தால் தியேட்டரில் எவனாவது ஒருத்தன் சிரிப்பான். அவன் சிரிக்காமல் பார்த்துக்கொள்ள இவளுக்குச் சம்பளம்.

அவள் அம்மாவுக்கு இது இன்னமும் ஆச்சரியம்தான். தூரத்திலிருந்து அனுப்பும் குரல் செய்திகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது அதைச் சொல்லிச் சிரிப்பாள். "அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு பாதி வழியில திரும்பி ஓடி வருவியே, அந்த வியாதிக்குப் போய் கடல் தாண்டிக் கூப்பிட்டு வேலை குடுத்திருக்காங்க பாரு."

அந்த வேலை நிலைக்குமா என்பதுதான் இப்போது அவளுடைய பெரிய பயம். விசா முடிய இன்னும் பத்தொன்பது நாள். படக் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கலாம். அந்தக் கடிதம் தயாரிப்பு மேனேஜர் கையில் இருந்தது. கேட்டதற்கு, ஷூட்டிங் முடியட்டும், தினசரி ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார். அவள் தங்கியிருந்தது அண்ணன் அண்ணியோடு, இரண்டு அறை வீட்டில். அண்ணி நல்ல எண்ணத்தில் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தாள். காபி குடிக்கும்போதெல்லாம் இவள் கண் அங்கேயே போவதைப் பார்த்துவிட்டு, மறுநாளே ஒரு மின்சார பில்லை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டாள்.

படம் ஒரு டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த ஆட்டம். ஒரு காலத்தில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிய ஒரு மனுஷர், பெண்கள் ஆடுவதும் ஓர் ஆட்டமா, அதற்குச் சுவரோடு ஆடலாம், சுவராவது பந்தைத் திருப்பி அனுப்பும் என்று பத்திரிகையில் சொல்லிவைத்தார். இடது கை ஆட்டக்காரி ஒருத்தி, வாங்க, சுவரைப் பார்க்கலாம் என்று பதில் சொன்னாள். ஊரே வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது. ஆறுக்கு நாலு, ஆறுக்கு மூணு. இரண்டே செட்டில் கதை முடிந்தது.

முடியவில்லை என்றும் சொல்லலாம். அன்று சாயங்காலம் நிருபர்கள் முன்னால் அந்த மனுஷர், கடைசியில் வெயில் நேரே என் கண்ணில் அடித்தது, பந்தே தெரியவில்லை என்றார். அந்த ஒரு வாக்கியம் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யார் அவளைப் புகழ்ந்தாலும், அந்தம்மா ஜெயித்தது என்னவோ உண்மைதான், ஆனால் என்று ஓர் இழுவை வரும். முடிதிருத்தும் கடையிலிருந்து பள்ளிக்கூட வினாடி வினா வரைக்கும் அந்த ஆனாலுக்கு அழிவில்லை. அவர் சாகும்வரை அதையே சொன்னார். திரைக்கதையிலும் அது இருந்தது. கடைசி கேமில் நடிகர் கையைப் புருவத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கும் குளோசப் ஒன்று, அதன் பின்னால் நிருபர்கள் அறையில் அந்த வசனம்.

ஆட்டத்தின் பழைய படச்சுருளில் மிஞ்சியது பதினோரு நிமிஷம். அதுவும் முதல் செட்டின் ஆரம்பம். மிச்சத்துக்குப் பத்திரிகையில் வந்த கேம் கணக்கு மட்டும் இருந்தது. எந்த கேமில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அந்த அட்டவணை போட்டவள் மூணுதடவைதான். பெரிய அட்டையில் கேமுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் யார் சர்வீஸ், யார் எந்தப் பக்கம், சட்டையில் வியர்வை எங்கெங்கே நனைந்திருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் படம். மேக்கப் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முதுகில் தண்ணீர் தெளிப்பாள்.

மைதானம் அதே பழைய மைதானம். கட்டியவர்கள் யோசிக்காமல் கிழக்கு மேற்காகக் கோடு போட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் இரும்புக் கம்பி வாசல், எதிர்ப் பக்கம் ஸ்கோர் பலகை. சூரியன் இறங்குவது பலகைக்குப் பின்னால். ஆகவே சாயங்காலத்தில் வாசல் பக்கம் நிற்பவருக்கு வெயில் முகத்தில், பலகைப் பக்கம் நிற்பவருக்கு முதுகில். அட்டவணையைப் போட்டு முடித்தபோது கடைசி கேமில் அந்த மனுஷர் வாசல் பக்கம் வந்து நின்றார். வெயில் அவர் கண்ணில். திரைக்கதையோடு கச்சிதமாகப் பொருந்தியது. அன்று ஒரு நாள்தான் அவள் மூன்றாவது முறை பார்க்காமல் நிம்மதியாகத் தூங்கினாள்.

படப்பிடிப்பின் ஆறாம் நாள். முதல் செட் முடிந்து, இரண்டாம் செட்டையும் இரண்டு சாயங்காலங்களில் எடுத்தாகிவிட்டது. முந்நூறு பேர் பார்வையாளர்களாக உட்கார்ந்து, இல்லாத பந்துக்குத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள். உதவி டைரக்டர் ஒருவர் கம்பின் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி இப்படியும் அப்படியும் ஆட்ட, அதுதான் பந்து. கழுத்து சுளுக்கிக்கொண்டு போனவர்கள் ஏழு பேர் என்று ரிப்போர்ட்டில் இவளே எழுதியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வியர்வைப் படத்தைச் சரிபார்க்க மேக்கப் அறைக்குப் போனாள். அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பத்திரிகைப் புகைப்படம் ஒட்டியிருந்தது. ஜெயித்த ஆட்டக்காரி மட்டையை உயர்த்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். ஆனந்தக் கண்ணீர் என்று கீழே அச்சாகியிருந்தது. அந்த மாதிரி கண்ணை மூட மேக்கப் அம்மா மூன்று வாரமாகக் கதாநாயகிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஆட்டக்காரியின் பின்னால் வாசலின் இரும்புக் கம்பி தெரிந்தது. அதை இவள் முன்பே கவனித்து செட் போடுகிறவரிடம் கேட்டிருக்கிறாள். ஆட்டம் முடிந்து வாசலுக்கு ஓடியபோது எடுத்தது என்று அவர் சொல்லிவிட்டார், இவளும் விட்டுவிட்டாள். இன்று கண் படத்தின் ஓரத்துக்குப் போனது. உயரமான நாற்காலியில் நடுவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். கை பாதி தூக்கியபடி. பந்து விழுந்த அந்த நொடி. அப்படியென்றால் அவள் எங்கும் ஓடவில்லை. அங்கேதான் நின்று ஆடியிருக்கிறாள், வாசல் பக்கம். முகம் முழுக்க வெளிச்சம்.

வெளியே மர நிழலில் கதாநாயகிக்கு டூப்பாக ஆடும் பெண் விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நிஜ ஆட்டக்காரி. எல்லோரும் இடதுகை என்றே கூப்பிடுவார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் இல்லாத மாதிரி கேட்டாள்.

"ஒரு செட் முடிஞ்சா பக்கம் மாறுவீங்கல்ல?"

"எத்தனை கேம் ஆச்சுங்கறதைப் பொறுத்து. ஒத்தப்படைன்னா மாறுவோம். ஆறு நாலுன்னா பத்து கேம், மாற மாட்டோம். அடுத்த செட்ல ஒரு கேம் ஆடிட்டுத்தான் மாறுவோம்."

இவள் பள்ளிக்கூடத்தில் ஆடியது வாலிபால். அதில் செட் முடிந்தால் எல்லோரும் எழுந்து பக்கம் மாறுவார்கள், கேள்வியே கிடையாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மாற்றிவிட்டாள்.

"அப்ப ரெண்டு நாளா தப்பான பக்கம் நின்னீங்களே, ஏன் சொல்லல?"

இடதுகை டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏழாவது கேமை முந்தாநாள் எடுத்தீங்க. ரெண்டாவதை நேத்து எடுத்தீங்க. நடுவுல என்னைப் பல் தேய்க்கற சீன்ல வேற முதுகைக் காட்டச் சொன்னீங்க. நான் எங்க நிக்கறேன்னு எனக்கே தெரியாது. நீங்க சாக்பீஸ்ல குறி போட்ட இடத்துல நிக்கறேன், அவ்வளவுதான்."

மூணுதடவை துணிமணி வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். முதல் செட்டின் பத்தாவது கேமில் அந்தம்மா வாசல் பக்கம். மாறக்கூடாது. ஒரு கேம் ஆடி, பலகைப் பக்கம். இரண்டு ஆடி, வாசல். இரண்டு ஆடி, பலகை. எட்டும் ஒன்பதும் வாசல். மூன்று முறை எண்ணினாள், மூன்று முறையும் வாசல்தான் வந்தது. கடைசி கேமில் வெயில் அடித்தது அவள் கண்ணில். அந்த மனுஷருக்கு வெயில் முதுகில் இருந்திருக்கிறது.

தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தாள். வெயில் விஷயம் யாருக்கும் தெரியாது. நாற்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. படமும் உலகம் நம்புகிற மாதிரியே வந்துவிடும், யாரும் சிரிக்க மாட்டார்கள். சொன்னால் முந்நூறு பேரை மறுபடி கூட்ட வேண்டும், ஒரு சாயங்காலம் போகும், காரணம் ரிப்போர்ட்டில் ஏறும், ரிப்போர்ட் மேனேஜர் மேஜைக்குப் போகும். பத்தொன்பது நாள். சொல்லாவிட்டால் அந்தப் பொய் இனிமேல் பெரிய திரையில், வண்ணத்தில் ஓடும். அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் இவளாக இருப்பாள்.

போனை எடுத்து அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். பாதி பேசி அழித்தாள். மறுபடி பேசினாள், அனுப்பினாள், உடனே அழித்தாள். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "என்னடி இது, அனுப்பி அனுப்பி அழிச்சிருக்கே. அடுப்பை அணைச்சியா இல்லையா, அதைச் சொல்லு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனாள்.

அக்கா என்பது கண்டினியூட்டிக்குத் தலைமை. முப்பது படம் பார்த்தவள், கழுத்தில் இரண்டு கண்ணாடி தொங்கும், மூன்றாவதை எப்போதும் தேடிக்கொண்டிருப்பாள். இவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, அட்டவணையை வாங்கி, தானும் விரல் விட்டு எண்ணினாள். அட்டையின் மூலையில் தன் கையெழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"நானும் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டேன். வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா. இடதுகைகிட்ட பக்கம் மாறறதை மட்டும் கேட்டேன்."

"விசா என்னைக்கு முடியுது?"

சொன்னாள். அக்கா ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாள்.

"சரி. டைரக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

சொன்னது இவள்தான். கணக்கு இரண்டு முறை தவறி, அக்கா பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க, ஒரு வழியாகச் சொல்லி முடித்தாள். டைரக்டர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே காயவிட்டுக்கொண்டு கேட்டார். கோபப்படவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிட முடியாதா என்று கேமராமேனைக் கேட்டார். போடலாம், ஆனால் இடது கைக்காரி வலது கைக்காரி ஆகிவிடுவாள், ஸ்கோர் பலகையைக் கண்ணாடியில்தான் படிக்க வேண்டும், வெயில் அப்போதும் அந்த மனுஷர் கண்ணிலேயே இருக்கும் என்றார் அவர்.

விஷயம் நடிகர் காதுக்குப் போனதும் தோற்றவர் வேஷத்திலேயே, நெற்றிப் பட்டையோடு வந்துவிட்டார். தன் குளோசப் போகிறதே என்ற வருத்தம் அவருக்கு. ஆனால் அது மட்டும் இல்லை. ஆறு மாசமாக அந்த மனுஷராகவே வாழ்ந்ததில் அவர் மேல் ஒரு பாசம் வந்திருந்தது. "பாவம் சார் அவரு. சாகற வரைக்கும் அந்த வெயில்லயே நின்னிருக்காரு. செத்ததுக்கு அப்புறம் அதையும் புடுங்கணுமா?"

அந்த நேரத்தில்தான் வாசல் பக்கமிருந்து ஒரு கார் வந்து நின்றது. கடைசி இரண்டு நாள் வந்து பாருங்கள் என்று ஏற்கெனவே அழைத்திருந்த விருந்தாளி. நிஜ ஆட்டக்காரியம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேல், வெட்டிய நரைமுடி, ஒரு முழங்காலில் உறை. நாற்காலி போட்டார்கள். கதாநாயகி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டைரக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம். கடைசி கேம்ல வெயில் யாரு கண்ணுல இருந்துச்சு?"

"என் கண்ணுல," என்றாள் அந்தம்மா, மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது போல. "கடைசிப் பந்தை நான் பாக்கவே இல்ல. சத்தத்தை வச்சு அடிச்சேன். உள்ள விழுந்துச்சான்னு நடுவர் சொல்லித்தான் தெரியும்."

மேக்கப் அம்மா மெல்ல அந்தப் புகைப்படம் இருந்த பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?" என்று கேட்டவள் மூணுதடவை. கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"யாரும் கேக்கல. அவர்கிட்டப் போய் வெயிலைப் பத்திக் கேப்பாங்க. என்கிட்ட வந்து, ஜெயிச்சப்ப வீட்ல என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. நானா போய்ச் சொன்னா, ஜெயிச்சதும் இல்லாம வெயிலும் வேணுமாம்பாங்க."

நடிகர் நெற்றிப் பட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டினார். "அப்ப அவரு பொய்தான் சொன்னாராம்மா? நான் அதைப் பொய்யாச் சொல்லணுமா?"

அந்தம்மா முழங்கால் உறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "பொய்யின்னு எனக்குத் தோணல. ஆறாவது, ஏழாவது கேம்ல அவருக்கு வெயில் அடிச்சுது, நல்லாவே அடிச்சுது. தோத்தப்புறம் அதைக் கடைசி கேமுக்குத் தள்ளி வச்சுக்கிட்டாரு. போகப் போக நம்பிட்டாரு. நம்பித்தான் சொன்னாரு. நீங்களும் நம்பியே சொல்லுங்க தம்பி."

டைரக்டர் எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னது இவ்வளவுதான்: எட்டாவது, ஒன்பதாவது கேம் மட்டும் நாளைச் சாயங்காலம் திரும்ப எடுக்கிறோம். மற்றதைக் கிட்டத்தில் எடுத்த ஷாட்டுகளை வைத்து ஒப்பேற்றலாம். பரிசு வாங்கும் காட்சியை நாளைக் காலைக்குத் தள்ளு. நிருபர்கள் அறையில் வசனம் ஓர் எழுத்துக்கூட மாறாது. ஜனங்கள் வெயில் யார் கண்ணில் அடித்தது என்று பார்த்துவிட்டு வந்து அந்த வசனத்தைக் கேட்கட்டும். நடிகர் முகம் அதைக் கேட்டதும் மாறியது. குளோசப் போன துக்கம் போய், அந்த வசனத்தை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே தன் வேனுக்கு நடந்தார்.

சாயங்காலம் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். அதில் ஒரு கட்டம் உண்டு, மறுபடி எடுப்பதற்கான காரணம் என்று. அக்கா பக்கத்தில் வந்து, மேகம்னு எழுதிடேன், எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க, டைரக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு என்றாள். மூணுதடவை பேனாவைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் விஷயத்தில் இன்னொரு சாக்கா என்று தோன்றியது. பக்கம் மாறும் அட்டவணையை நான் தப்பாகப் போட்டேன், கண்டினியூட்டி உதவியாளர் என்று எழுதினாள். அக்கா படித்துவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, அதன் கீழே நானும் சரிபார்க்கவில்லை என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் முந்நூறு பேரும் வந்தார்கள், கழுத்து சுளுக்கிய ஏழு பேரில் ஐந்து பேர் உட்பட. இந்த முறை நிஜப் பந்து. இடதுகை வாசல் பக்கம் போய் நின்றாள். எதிரே பலகையின் தலைக்கு மேல் சூரியன் தகதகவென்று இருந்தது. முதல் பந்தைத் தவறவிட்டாள், இரண்டாவதையும் தவறவிட்டாள். மூன்றாவது பந்து தோளில் பட்டது. இதுல எப்படி ஆடினாங்க அந்தம்மா என்று கத்தினாள். அந்தம்மா கூட்டத்தில், சிவப்புத் துணிக் கம்பு வைத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதுல கேளு என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். ஒன்பதாவது தடவை பந்து சரியாக விழுந்தது. பிறகு கதாநாயகி அதே இடத்தில் நின்று மட்டையை உயர்த்தினாள். கண் தானாக இறுகி மூடிக்கொண்டது, ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. மூணு வாரம் கத்துக்குடுத்தது வீணாப்போச்சு என்று மேக்கப் அம்மா முனகினாள். மூணுதடவை அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் பழையதை அடித்துவிட்டு எழுதினாள்: வெயில், அவள் கண்ணில்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் அந்த ரிப்போர்ட் இருந்தது. இவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"இதை நீதான் எழுதினியா?"

"ஆமா சார்."

"இருபது வருஷமா இந்தக் கட்டத்தைப் படிக்கறேன். மேகம், மழை, ஜெனரேட்டர். ஒரு தடவை காக்கான்னு ஒருத்தன் எழுதியிருந்தான். நான்னு யாரும் எழுதி நான் பாத்ததில்ல." இதைப் பாராட்டாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. "ஒரு சாயங்காலம் போச்சும்மா. அதனால ரெண்டு வருஷத்துக்குக் கேட்டா ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்க. அடுத்த படத்துக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு வாங்கியிருக்கேன். உங்க அக்கா, நீ இல்லாட்டி அவங்களும் வர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. அடுத்தது கோர்ட் கேஸ் படம். பக்கம் மாற மாட்டாங்க, பயப்படாதே."

கடிதத்தைப் படிக்கட்டில் நின்று படித்தாள். தேதியை மட்டும் தனியாக மூன்று முறை பார்த்தாள். ஆறு மாசம்தான், பாதியும் இல்லை, கால் பங்கு. ஆனாலும் கால் தரையில் பாவியது. அண்ணி இனி காலண்டரில் வேறொரு தேதிக்கு வட்டம் போட வேண்டும், அதன் மேல் ஒட்ட வேறொரு பில் தேட வேண்டும். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குச் சொன்னாள்.

"அணைச்சுட்டேம்மா."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலு படி இறங்கினாள். அப்புறம் நின்று, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று எடுத்துப் பார்த்தாள்.